வாசல் கேட்டின் நிறத்தை நம்பாதீர்கள்: வீட்டுச் செடிகளையும் வேலிச் செடிகளையும் அடையாளம் காண்பது எப்படி?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் பால்கனியில் இருந்த பாம்புச் செடியிலிருந்து ஓர் இலையை வெட்டி அண்ணிக்குக் கொடுத்தேன். வாள் போல நிமிர்ந்து நிற்கும் இலை. இரண்டு ஓரத்திலும் புடவைக்கு வைத்தாற்போல மஞ்சள் கரை. துண்டுகளாக நறுக்கி மண்ணில் செருகினால் வேர் விடும் என்று சொல்லியும் அனுப்பினேன். ஐந்தாறு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நீ கொடுத்தது வேறு செடி. இதில் கரையே இல்லை, வெறும் பச்சையாக முளைத்திருக்கிறது."

நான் கொடுத்தது அதே செடிதான். அண்ணி பார்த்ததும் உண்மைதான். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பதற்கான விடையில், செடிகளை அடையாளம் காண்பதைப் பற்றிய பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது. நிறத்தைச் சொல்லித்தான் நாம் செடியைக் கேட்கிறோம், வாங்குகிறோம், சண்டையும் போடுகிறோம். செடிகள் நிறத்தை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

## பச்சை கேட் வீடு

சென்னையில் வழி சொல்வது ஒரு தனிக் கலை. "பிள்ளையார் கோயில் தாண்டி, மூன்றாவது தெருவில் பச்சை கேட் வீடு" என்பார்கள். அடுத்த பொங்கலுக்கு அந்த வீட்டுக்காரர் கேட்டுக்கு நீல வண்ணம் அடித்துவிட்டால் அந்த விலாசம் போயிற்று. கிணறு எந்தப் பக்கம், மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்பதை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

செடியிலும் இப்படி இரண்டு வகை உண்டு. அடையாளம் காண உதவும் எந்த அம்சத்தையும் தாவரவியலில் பண்பு என்பார்கள். இலையின் நிறம், அளவு, செடியின் உயரம் ஆகியவை வெயிலையும் தண்ணீரையும் வயதையும் பொறுத்து மாறும் பண்புகள். தண்டில் இலை எப்படி ஒட்டியிருக்கிறது, உடைத்தால் பால் வருகிறதா, பூவின் உறுப்புகள் எத்தனை என்பவை அவ்வளவாக மாறாத பண்புகள். முன்னதை வைத்து ஊகிக்கலாம். பின்னதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மணி பிளாண்ட் இதற்கு நல்ல சாட்சி. சமையலறை ஜன்னலில் பாட்டில் தண்ணீரில் வைத்தால் உள்ளங்கை அளவு இலை. அதே கொடி மந்தைவெளியிலோ அடையாறிலோ பழைய வீட்டு மாமரத்தில் தொற்றி ஏறிவிட்டால், இலை முறம் அளவுக்கு விரிந்து, ஓரங்களில் கிழிந்ததுபோல வெட்டுகளும் விழும். இது ஏதோ வெளிநாட்டு ராட்சதக் கொடி என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரேயா தீவிலிருந்து வந்தது என்ற வகையில் வெளிநாடு என்பது சரிதான். வேறு கொடி என்பதுதான் தவறு.

இனி அண்ணியின் செடி. கரைபோட்ட பாம்புச் செடியில் பச்சையம் உள்ள திசுவும், பச்சையம் இல்லாத மஞ்சள் திசுவும் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கின்றன. இலைத் துண்டிலிருந்து புதுக் குருத்து கிளம்பும்போது அந்த அடுக்கு வரிசை கலைந்து, பச்சைத் திசுவிலிருந்தே குருத்து உருவாகிறது. கரை காணாமல் போகிறது. கரை வேண்டுமென்றால் இலையை வெட்டக் கூடாது. மண்ணுக்குள் ஓடும் கிழங்கை வேரோடு பிரித்து நட வேண்டும். அன்றைக்கு எனக்கே இது தெரியாது.

ஆக, நிறமும் அளவும் கேட்டுக்கு அடித்த வண்ணம் போன்றவை. இனி நாம் பார்க்கப் போவது வீட்டின் அமைப்பை.

## இலை எது?

கேள்வி அபத்தமாகத் தோன்றலாம். கடைக்காரர் காய்கறியோடு கொசுறாகப் போடும் கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இணுக்கில் எத்தனை இலை? பதினைந்து, இருபது என்று எண்ணத் தோன்றும். சரியான விடை: ஒன்று. அந்த இணுக்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. நாம் உருவித் தாளிப்பில் போடுபவை அந்த இலையின் பகுதிகள். அவற்றுக்குச் சிற்றிலை என்று பெயர். பல சிற்றிலைகளாகப் பிரிந்த இலை கூட்டிலை. செம்பருத்தியைப் போலப் பிரியாமல் ஒரே பரப்பாக இருப்பது தனி இலை.

இதை எப்படி உறுதி செய்வது? இலை தண்டோடு சேரும் இடத்துக்குக் கணு என்று பெயர். கரும்பில் இருக்கிறதே, அதே கணுதான். கணுவில் இலைக்காம்புக்கும் தண்டுக்கும் நடுவே, நம் அக்குள் போல ஓர் இடுக்கு இருக்கும். அந்த இடுக்கில் சிறிய மொட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். பிறகு கிளையாகவோ பூவாகவோ வளர்வது அதுதான். மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இலை தொடங்குகிறது. கறிவேப்பிலைச் செடியில் இணுக்கின் அடியில் மொட்டு இருக்கும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் தேடினால் இருக்காது. முருங்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு முழத்துக்கு நீண்டு, கிளைத்து, மறுபடியும் கிளைத்து நிற்கும் அந்தக் கொத்து முழுவதும் ஒற்றை இலை. முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்த யாரும் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே சில பழைய குழப்பங்கள் தீரும். சென்னையில் பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரமாக ஈட்டி போல நெடுநெடுவென்று நிற்கும் மரத்தை அசோக மரம் என்கிறோம். அது நெட்டிலிங்கம். அதன் இலை ஓரம் அலையலையாக நெளிந்த தனி இலை. மரம் சீத்தாப்பழத்துக்கு உறவு. உண்மையான அசோகத்துக்குக் கூட்டிலை. ஆரஞ்சும் சிவப்புமாகப் பூங்கொத்து கொத்தாக மலரும். இலையைப் பார்த்தவர் இரண்டையும் ஒன்று என்று சொல்லவே மாட்டார்.

நான் ஏமாந்த கதையும் உண்டு. தள்ளுவண்டியில் கறிவேப்பிலைக் கன்று என்று வாங்கி ஒரு வருடம் வளர்த்தேன். கூட்டிலைதான், பளபளப்பும் இருந்தது. ஒரு நாள் மாலை வெள்ளையாகப் பூத்து வீடே மணந்தது. நர்சரிகளில் மதுகாமினி என்று விற்கும் வேலிச் செடி அது. கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவு என்பதால் தோற்றம் ஒத்துப்போகும். ஆனால் ஓர் இலையில் சிற்றிலைகள் மிகக் குறைவு, பெரும்பாலும் ஒன்பதைத் தாண்டாது. வாங்கும்போதே ஒரு சிற்றிலையைக் கசக்கி முகர்ந்திருந்தால் போதும். செய்யவில்லை.

## படிக்கட்டும் பந்தியும்

தண்டில் இலைகள் வரிசைப்படும் விதத்துக்கு இலையடுக்கம் என்று பெயர். முக்கியமாக மூன்று வகை. ஒரு கணுவுக்கு ஓர் இலை, படிக்கட்டு ஏறுவதுபோல இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று போனால் மாற்றிலையடுக்கம். கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்ததுபோல ஒரு கணுவுக்கு இரண்டு இலை இருந்தால் எதிரிலையடுக்கம். ஒரே கணுவைச் சுற்றி மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் வட்ட இலையடுக்கம்.

சென்னைத் தோட்டங்களில் இதைப் பழக அலைய வேண்டாம். செம்பருத்தி, காகிதப்பூ, குரோட்டன்ஸ், மணி பிளாண்ட் எல்லாம் படிக்கட்டு. நந்தியாவட்டை, இட்லிப்பூ, மல்லிகை, துளசி, நித்தியகல்யாணி எல்லாம் பந்தி. மூன்றாவது வகைக்குச் செவ்வரளி.

அரளியில் சற்று நின்று பார்ப்பது நல்லது. இரண்டு செடிகளை அரளி என்கிறோம். கோயில் வாசல் பூக்கடைகளில் மாலையாகத் தொங்குவது செவ்வரளி. நெடுஞ்சாலை நடுத்திட்டுகளிலும் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். மஞ்சள் புனலைக் கவிழ்த்ததுபோலப் பூப்பது பொன்னரளி. பூ இருந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். பூ இல்லாத நாளில் இரண்டுமே ஒல்லியான நீண்ட இலைகளோடு ஒரே மாதிரி நிற்கும். அப்போது ஒரு கிளையை வளைத்து, ஒரே ஒரு கணுவைச் சுற்றி எண்ணுங்கள். மூன்று மூன்றாக வந்தால் செவ்வரளி. ஒவ்வொன்றாகச் சுற்றி ஏறினால் பொன்னரளி. இரண்டுமே இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு கொண்டவை; பொன்னரளியின் கொட்டையால் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் அழுதிருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். அதனால் இந்த எண்ணிக்கையை நான் வெறும் பொழுதுபோக்காகக் கருதுவதில்லை. பெயர் தெரியாத செடி எதையும் வாயில் வைத்துச் சோதிக்கவே கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இதுவரை இரண்டு கேள்விகள் கைக்கு வந்துவிட்டன. தனி இலையா, கூட்டிலையா? ஒரு கணுவுக்கு எத்தனை இலை? தெருவில் கண்ணில் படும் செடிகளில் பெரும்பகுதியை இவை இரண்டே வடிகட்டிவிடும்.

## கிள்ளு, உருட்டு, முகர்

அடுத்தவை கைக்கும் மூக்குக்கும் உரிய பண்புகள்.

புதினாக் கட்டைப் பிரிக்கும்போது ஒரு தண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு உருளாது, தடக் தடக் என்று நிற்கும். தண்டு சதுரம். துளசிக்கும், வண்ண இலைகளோடு தொட்டியில் வைக்கும் கோலியஸுக்கும் அப்படியே. சதுரத் தண்டு, எதிரிலை, கசக்கினால் மணம் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் துளசிக் குடும்பம். குடும்பம் என்பது அடிப்படை அமைப்பில் ஒத்துப்போகும் செடிகளின் தொகுதி. பங்காளிகள் முகச்சாயலில் தெரிவதுபோல. ஆனால் சதுரத் தண்டில் முள்ளும், இலையில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பும் இருந்தால் அது உண்ணிச்செடி, வேறு குடும்பம்.

பால் வருகிறதா என்பது இன்னொரு சோதனை. கள்ளி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு குலங்கள் ஒளிந்திருக்கின்றன. சதுரக்கள்ளியில் கீறல் பட்டால் வெள்ளைப் பால் வடியும். முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். சப்பாத்திக்கள்ளியில் பால் கிடையாது. தட்டைத் தண்டில் புள்ளி புள்ளியான இடங்களிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பும். முன்னது நம் மண்ணின் செடி, ஆமணக்குக் குடும்பம். பின்னது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உண்மையான கள்ளிக் குடும்பம். வறட்சியைத் தாங்க இரண்டும் தனித்தனியாக ஒரே உடையைத் தைத்துக்கொண்டன, அவ்வளவுதான். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கிள்ளிப் பார்த்த கையைக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

சோற்றுக்கற்றாழையும் ஆனைக்கற்றாழையும் இதே ரகக் குழப்பம். இலையை ஒடித்தால் வழவழவென்று சோறு வந்தால் முதலாவது. ஒடிக்கவே முடியாமல் நார் நாராக இழுத்து, நுனியில் ஊசி போன்ற முள் இருந்தால் இரண்டாவது.

## பூ சொல்வதும் மறைப்பதும்

பூவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பூ மிக நல்ல சாட்சி. ஆனால் கூப்பிட்ட நாளில் வராது. மணி பிளாண்ட் இயல்பாகப் பூப்பது அரிதிலும் அரிது. பூக்கத் தேவையான ஜிபரலின் என்ற ஹார்மோனை அது போதுமான அளவு தயாரிப்பதில்லை.

பூ வந்துவிட்டாலும் இதழின் நிறத்தில் மயங்க வேண்டாம். உண்ணிச்செடியின் ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்திருக்கும். பூவுக்கு வயதாக ஆக நிறம் மாறுவதுதான் காரணம். காகிதப்பூவில் நாம் பூ என்று ரசிப்பது பூவே இல்லை. வண்ணமாக விரிந்திருக்கும் மூன்றும் பூவைத் தாங்கும் இலைகள். அவற்றுக்குப் பூவடிச்செதில் என்று பெயர். ஒவ்வொன்றின் நடுவிலும் தீக்குச்சி போல ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர்நிறக் குழாய்தான் உண்மையான பூ. அடுத்த முறை கொடியடியில் உதிர்ந்து கிடப்பதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். இலை நரம்புகள் அப்படியே தெரியும்.

எண்ணிக்கையும் அமைப்பும்தான் முக்கியம். இட்லிப்பூவில் இதழ் நான்கு. சங்கப் பாடல்களின் வெட்சி என்பது இதுதான். செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நடுவில் ஒரே குழலாக நீண்டிருக்கும். வெண்டைப் பூவிலும் பூவரசம் பூவிலும் அதே குழலைக் காணலாம், எல்லாம் ஒரே குடும்பம். நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, அரளி மூன்றிலும் ஐந்து மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று லேசாகச் சாய்ந்து, சிறுவர்கள் ஓலையில் செய்யும் காற்றாடி மாதிரி முறுக்கியிருக்கும். அடுக்குப் பூக்களில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்களே இதழ்களாக மாறியிருப்பதால் குழல் மறைந்துவிடும். அங்கே மறுபடியும் இலைக்குத்தான் திரும்ப வேண்டும்.

## ஒரு வேலியை விசாரிப்போம்

எங்கள் குடியிருப்பின் நுழைவாயிலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வேலி இருக்கிறது. சிறிய பச்சை இலை, வெள்ளை விளிம்பு. தோட்டக்காரர் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கத்தரிப்பதால் பூத்து யாரும் பார்த்ததில்லை. "வெள்ளை குரோட்டன்ஸ்" என்று சங்கத்தின் கணக்குப் புத்தகத்திலேயே எழுதியிருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் உட்கார்ந்து பார்த்தேன். தனி இலை. கணுவுக்கு இரண்டு, எதிரெதிரே. அப்போதே குரோட்டன்ஸ் இல்லை; அது படிக்கட்டுக்காரர். இட்லிப்பூவாக இருக்குமோ? இட்லிப்பூச் செடியில், எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு இடையே தண்டில் முக்கோணமாக ஒரு சிறிய செதில் கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும். இலையடிச்செதில் என்ற இதைப் பார்க்கப் பழகிவிட்டால் பூவே இல்லாமல் இட்லிப்பூவைச் சொல்லிவிடலாம். இங்கே அந்த முக்கோணம் இல்லை. ஓர் இலையைக் கிள்ளினேன்; பொட்டு போல வெள்ளைப் பால் வந்தது. கிளைகள் கவட்டை மாதிரி இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தன. எதிரிலை, பால், கவட்டைக் கிளை என்று மூன்றும் ஒரே திசையைக் காட்டின. சுவரோரம் கத்தரி எட்டாத மூலையில் தேடியபோது ஒரு பூ கிடைத்தது. வெள்ளை, ஐந்து மடல், காற்றாடி. குள்ள ரக நந்தியாவட்டை.

கவனியுங்கள், எந்த ஒரு பண்பும் தனியாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் சில பேரைப் பட்டியலிலிருந்து நீக்கியது, மிஞ்சியவர்தான் ஆள்.

## பழைய எண், புதிய எண்

சென்னை வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதைப் போலச் செடிகளுக்கும் பெயர் மாறும். பாம்புச் செடி நெடுங்காலம் சான்செவியேரியா என்ற பேரினத்தில் இருந்தது. 2017-இல் டிரசீனா டிரைஃபாசியாட்டா ஆனது. பேரினம் என்பது மிக நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் பெயர், நம் இனிஷியல் போல. நர்சரிப் பலகையில் பழைய எண்தான் தொங்கும், குழம்ப வேண்டியதில்லை. குரோட்டன்ஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. தாவரவியலில் குரோட்டன் என்பது வேறு பேரினம். சித்த மருத்துவத்தில் வரும் நேர்வாளம் அதைச் சேர்ந்தது. நம் தொட்டியில் இருப்பது கோடியேயம். இருந்தாலும் நர்சரியில் போய்க் கோடியேயம் கேட்டால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். குரோட்டன்ஸ் என்றே கேளுங்கள்.

செல்போன் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை நன்றாகத்தான் ஊகிக்கின்றன. ஆனால் நாம் கொடுப்பது பெரும்பாலும் ஓர் இலையின் படம், அதாவது கேட்டின் படம். செடி முழுவதும் ஒரு படம், கணுவுக்கு மிக அருகில் ஒன்று, இலையின் பின்புறம் ஒன்று, பூ இருந்தால் பக்கவாட்டில் ஒன்று என்று எடுத்தால், செயலியானாலும் தெரிந்தவரானாலும் பிழைபடுவது குறையும். கிடைத்த பெயரைக் கணுவோடு ஒப்பிட்டு நீங்களே ஒரு முறை சரிபாருங்கள்.

அண்ணிக்குப் போன மாதம் கிழங்கோடு ஒரு கன்றைப் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரை இருப்பதும் இல்லாததும் இப்போது அவர் வீட்டு வராந்தாவில் அருகருகே இருக்கின்றன. வருகிறவர்களிடம் இரண்டும் ஒரே செடி என்று சொல்லிவிட்டு, அவர்கள் நம்பாமல் விழிப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குஷி.